எழுத்தாளன் நெடுநாள் வாழ வேண்டும்

எழுத்தையே வாழ்வாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் நம்மிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "உத்தியோகத்தை விட்டுவிட்டு எழுதலாமா?" எத்தனை ஆண்டு எழுத முடியும் என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுவே என்பது நம் துணிபு. முதற் கதை எழுத ஓர் இரவு போதும். முப்பது ஆண்டு எழுத வேண்டுமானால் அதற்கென்று ஒரு வாழ்க்கை முறை வேண்டும். அம்முறையை எழுத்தாளன் எவ்வாறு அமைத்துக்கொள்வது, அதில் வாசகர்களுக்கு உள்ள பங்கு யாது என்பவற்றை இன்று ஆராய விரும்புகிறோம்.

வறுமையே இலக்கியத்தின் தாய் என்றொரு கொள்கை நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. பாரதியார் பட்டினி கிடந்தார், ஆகவே பாடினார் என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுவோர் பலர். பட்டினி கிடந்தும் பாடினார் என்பதல்லவோ உண்மை? 1882 இல் பிறந்த அவர் 1921 செப்டம்பரில் மறைந்தபோது வயது 38. பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகம் 1912 இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அச்சேறிய ஆண்டு 1924. அதைப் பார்க்கப் பாடியவர் உயிரோடில்லை. சிறுகதைக்குப் புதுப் பாதை வகுத்த புதுமைப்பித்தன் 1906 இல் பிறந்து 1948 இல் காசநோய்க்கு இரையானார். அவர் எழுதிய காலம் சுமார் பதினைந்து ஆண்டு. அதற்குள் பத்திரிகை அலுவலகங்களில் இரவு பகலாக உழைத்துக்கொண்டே ஏறத்தாழ நூறு கதைகளைத் தந்தார். கடைசியில் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனவர் நோயோடு திரும்பினார்.

இவர்கள் மரணத்துக்கு வறுமை ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நலிந்த உடலை நோய் எளிதில் வெல்கிறது என்பது மட்டும் யாவரும் அறிந்தது. பாரதியார் எழுபது வயது வரை இருந்திருந்தால் 1947 ஆகஸ்டு 15 ஆம் நாளைக் கண்ணாரக் கண்டிருப்பார். அன்று அவர் என்ன பாடியிருப்பார்? வறுமை எழுத்தாளனுக்கு எதைக் கொடுத்தது என்று பேசுகிறவர்கள், எதைப் பறித்தது என்பதையும் ஒருமுறை கணக்கிடட்டும்.

இனி மற்றொரு வாழ்க்கையைப் பார்ப்போம். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855 இல் பிறந்தார். இளமையில் அவர் கண்ட வறுமை பாரதியார் கண்டதற்குக் குறைந்ததன்று. ஆனால் 1880 இல் ஒரு நன்மை நேர்ந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தார். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். அதே ஆண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் அதுவரை படித்ததில்லை. அக்கேள்வியும் அந்த ஐம்பது ரூபாயும் சேர்ந்தே தமிழுக்கு ஒரு புதையலைத் திறந்துவிட்டன எனலாம். கேள்வி மட்டும் கிடைத்துச் சம்பளம் கிடையாதிருந்தால், அடுத்த வேளைச் சோற்றுக்குப் புராணப் பிரசங்கம் செய்யப் போயிருப்பார். சம்பளம் மட்டும் கிடைத்துக் கேள்வி கிடையாதிருந்தால், நல்லாசிரியர் என்ற பெயரோடு நின்றிருப்பார்.

சிந்தாமணி அச்சில் வந்தது 1887 இல். இடையில் ஓடிய ஏழு ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகலில் கல்லூரிப் பாடம். எஞ்சிய பொழுதில் ஏடுகளை ஒப்பு நோக்கும் வேலை. விடுமுறை வந்தால் ஊர் ஊராகச் சுவடி தேடும் பயணம். அச்சுச் செலவுக்குப் பணமில்லை. ஆகவே புத்தகம் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். பின்னர் 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. குறுந்தொகையைப் பதிப்பித்த 1937 இல் அவருக்கு வயது 82. தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940 இல், எண்பத்தைந்தாம் வயதை எட்டும் சமயத்தில். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது. கையில் வேலை இருக்கும்போதே கண்ணை மூடுவது எழுத்தாளனுக்குக் கிடைக்கக்கூடிய பெரும் பாக்கியம் என்றே நாம் கருதுகிறோம்.

ஐயரவர்கள் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று. முதலாவது, நிலையான ஜீவனம். இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் இழுத்துச் செல்லும் ஒரு பெரும் பணி. மூன்றாவது, நாள்தோறும் தவறாத உழைப்பு. இம்மூன்றில் எது குறைந்தாலும் எழுத்து வாழ்க்கை நடுவழியில் நின்றுவிடும்.

ஜீவனத்துக்கு வழி ஒன்றுதான் என்பதில்லை. ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்தார். பிறகு கோயில் நிர்வாக அதிகாரியானார். லா. ச. ராமாமிருதம் சுமார் முப்பது ஆண்டு வங்கியில் வேலை பார்த்தார். பேரேட்டில் எண்களைக் கூட்டிய கைதான் அபிதா என்ற நாவலையும் எழுதியது. கி. ராஜநாராயணனுக்கு இடைசெவலில் நிலம் இருந்தது. அவருடைய முதற் கதை 1958 இல் 'சரஸ்வதி' பத்திரிகையில் வெளிவந்தபோது வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. காலம் கடந்துவிட்டது என்று அவர் கருதவில்லை. தொண்ணூறு கடந்தும் எழுதினார். 2021 இல், 98 ஆம் வயதில்தான் அவருடைய பேனா ஓய்ந்தது.

இன்னொரு வழி, எழுத்தைக் கொண்டே பிழைப்பது. இவ்வழியில் வெற்றி கண்டவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி. தேச விடுதலைக்காகச் சிறை சென்ற அவர், 1941 இல் தி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. காய்ச்சல் வந்தாலும், வீட்டில் கல்யாணம் நடந்தாலும், அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் வந்து நிற்பான். அத்தகைய உழைப்பைத் தாங்கக்கூடியவர் மிகச் சிலர். கல்கியும் 1954 இல், 55 ஆம் வயதிலேயே மறைந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயிரக்கணக்கான வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்பது எழுத்தாளனுக்கு ஊன்றுகோல். சில சமயம் அதுவே தோளை அழுத்தும் சுமையும் ஆகிவிடுகிறது.

ஆகவே, உத்தியோகத்தை விடலாமா என்று கேட்கும் இளைஞருக்கு நம் விடை இது: அவசரப்பட வேண்டாம். உத்தியோகம் உங்கள் காலத்தில் பெரும்பகுதியைத் தின்னும் என்பது மெய்யே. ஆனால் வாடகைக் கவலையும் கடன்காரன் முகமும் தின்னும் காலம் அதைவிடப் பெரிது. நாளுக்கு ஒரு மணி நேரம், விடியற்காலையோ பின்னிரவோ, எவருக்கும் விட்டுக்கொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணியில் ஒரு பக்கம் எழுதினால் ஆண்டு முடிவில் முந்நூறு பக்கம் சேர்ந்துவிடும். மனம் எழும்போது எழுதலாம் என்று காத்திருந்தவர்களின் முந்நூறு பக்கங்களை எந்த நூல் நிலையத்திலும் காண முடியாது.

எழுத்து வராத காலமும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிச்சமூர்த்தி கவிதையைப் பல ஆண்டு விட்டிருந்தார். 1959 இல் 'எழுத்து' பத்திரிகை தோன்றியதும் மீண்டும் பாடத் தொடங்கினார். இன்றைய புதுக்கவிதை அவரைத் தன் முன்னோடியாகக் கொண்டாடுகிறது. உழவன் நிலத்தைச் சில பருவம் தரிசாகப் போடுவதில்லையா? தரிசு கிடந்த நிலம் செத்துப்போனதாக எவரும் சொல்வதில்லை.

வயிறும் நேரமும் ஒழுங்காக அமைந்துவிட்டால் போதுமா? மன நிறைவு எங்கிருந்து வரும்? புகழிலிருந்து வரும் என்று நம்பி இறங்கியவர்கள் பத்து ஆண்டில் கசந்து போகிறார்கள். நிறைவுக்கு வேறு ஊற்று வேண்டும் என்பதற்குச் சி. சு. செல்லப்பா சாட்சி. அவர் 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி, சில நூறு பேரே வாங்கிய அப்பத்திரிகையை 1970 வரை நடத்தினார். புத்தகங்களைத் தாமே பதிப்பித்து, தாமே சுமந்து, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். விடுதலைப் போராட்டத்தில் தாமும் சிறை கண்டவர் அவர். அக்காலத்தைப் பற்றிய 'சுதந்திர தாகம்' என்னும் பெரு நாவலை மூன்று பாகங்களாக வாழ்நாளின் இறுதியில் வெளியிட்டுவிட்டு, 1998 இல் மறைந்தார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதமி பரிசு வந்தது 2001 இல். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அவரைத் தோல்வியுற்றவர் என்று சொல்லத் துணிபவர் யார்? எண்பது கடந்த முதியவர் ஒருவர் தம் இளமையின் போராட்டத்தை எழுதி முடிக்கிறார் என்றால், பரிசுக்காக அதைச் செய்யவில்லை. சொல்லியே தீர வேண்டிய செய்தி அவரிடம் இருந்தது. அத்தகைய செய்தி ஒன்று உள்ளே இருக்கும் வரையில் எழுத்தாளனுக்கு முதுமை இல்லை.

எழுத்தாளனுக்கு இவ்வளவு உபதேசம் செய்த நாம், வாசகர்களுக்கும் ஒன்று கூறாமல் விட்டால் நடுநிலை தவறியவர்களாவோம். 1920 இல் கடையத்தில் இருந்த பாரதியார், தம் எழுத்துக்களையெல்லாம் நாற்பது நூல்களாக அச்சிடத் திட்டமிட்டு, அன்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். தானம் கேட்கவில்லை; கடனே கேட்டார். தமிழ்நாடு அத்தொகையைத் திரட்டித் தரவில்லை. இருபத்தேழு ஆண்டு கழித்து, 1947 இல், அதே தமிழ்நாடு பொதுமக்கள் நிதியைக் கொண்டு எட்டயபுரத்தில் அவருக்கு அழகியதொரு மணிமண்டபம் எழுப்பியது. 1949 இல் சென்னை அரசாங்கம் அவர் நூல்களின் உரிமையைப் பெற்று நாட்டுக்குப் பொதுவாக்கியது. இரண்டும் நற்செயல்களே, அவற்றைச் செய்தவர்களை வணங்குகிறோம். ஆயினும் மண்டபத்துக்குக் கிடைத்த பணத்தில் ஒரு சிறு பகுதி 1920 இல் கிடைத்திருக்கலாகாதா என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்றைய நிலைமை என்ன? புத்தகம் ஒன்றின் விலை 200 ரூபாய் என்றும், அச்சிட்டவை 500 பிரதிகள் என்றும், எழுத்தாளனுக்குச் சேர வேண்டிய பங்கு நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். அத்தனையும் விற்றுத் தீர்ந்தால் அவன் கையில் வருவது 10,000 ரூபாய். ஓராண்டு உழைத்து எழுதியிருந்தால் மாதத்துக்கு ஆயிரமும் ஆகாது. விற்க ஓரிரண்டு ஆண்டு ஆனால் அதுவும் தவணையில் வரும். இந்நிலையில் அவனிடமே இலவசப் பிரதி கேட்கிறோம். கூட்டத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். திரும்பிப் போகப் பஸ் கட்டணம் உண்டா என்று கேட்பதில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கும் செயலாளர், பேச வந்தவருக்குக் கொடுக்கும்போது மட்டும் தமிழ்த் தொண்டைப் பற்றிப் பேசுகிறார்!

பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். நீங்கள் மேடையில் எடுத்தாளும் சொற்கள் யாரோ ஒருவன் விடியற்காலையில் கண் விழித்து எழுதியவை. உங்கள் ஊர்ச் சங்கம் மாதம் ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கட்டும். பேச அழைத்தால் வழிச்செலவும் சன்மானமும் முன்னதாகவே சொல்லி அழையுங்கள். ஒரு நூலை விரும்பிப் படித்தால், எழுதியவருக்கு ஒரு கடிதமாவது போடுங்கள். அவருக்கு மறுநாட் காலை எழுத உட்கார அது துணையாகும்.

சிலை எழுப்ப எழுத்தாளன் இறக்கும் வரை காத்திருக்க வேண்டும். புத்தகம் வாங்க இன்று மாலையே புறப்படலாம். 38 வயதில் ஒருவரையும் 42 வயதில் ஒருவரையும் பறிகொடுத்த நாடு இது. இன்னொருவரை அவ்வாறு இழக்க நாம் இடங்கொடுக்கலாகாது.