கென்ஜியை அளக்கும் கோல்

ஜப்பானிய இலக்கியத்தின் மாபெரும் காதலன் என்று ஆயிரம் ஆண்டுகளாகப் பேசப்படுபவன் ஹிகாரு கென்ஜி. கியோட்டோ அரண்மனையில் பேரரசி ஷோஷிக்குத் தோழியாக இருந்த முராசாகி ஷிகிபு, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 54 அத்தியாய நாவலின் தலைவன். பேரரசரின் மகன், ஆனால் தாய்க்குப் பெரிய குடும்பத்தின் பின்பலம் இல்லாததால் இளவரசப் பட்டம் இல்லாமல் வளர்ந்தவன். அழகு, இசை, நடனம், கவிதை எதிலும் அவனுக்கு இணை இல்லை. அவன் செய்தவற்றைப் பாருங்கள். தந்தையின் மனைவியான ஃபுஜித்சுபோவோடு உறவு கொள்கிறான். அவர்களுக்குப் பிறந்த மகன், மறைந்த உண்மையோடு பேரரசனாகிறான். உத்சுசெமி என்ற பெண், மேலாடையை நழுவவிட்டு அவனிடமிருந்து தப்பி ஓடுகிறாள். பகைக் குடும்பத்துப் பெண்ணோடு பிடிபட்டு, தலைநகரை விட்டுச் சுமா கடற்கரைக்குப் போகிறான். இவனைப் போற்றுவதா, தூற்றுவதா? இதற்கு இன்றைய அளவுகோல் எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை என்பது என் வாதம். அளவுகோலை ஆசிரியரே ஒரு பெண்ணாகக் கதைக்குள் வைத்திருக்கிறார். அவள் பெயரும் முராசாகிதான்.

காய்ச்சலுக்கு வைத்தியம் தேடி வடமலைக்குப் போன 18 வயது கென்ஜி, அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் காண்கிறான். அவள்தான் முராசாகி; ஃபுஜித்சுபோவின் அண்ணன் மகள். முகமும் அதே சாயல். தன்னிடம் ஒப்படைக்கக் கேட்கிறான். பாட்டி இறந்ததும், தந்தை வந்து அழைத்துப் போவதற்கு முன்பே, விடியாத நேரத்தில் சிறுமியைத் தூக்கிச் சென்றுவிடுகிறான். தானே வளர்த்து, சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் மனைவியாக்கிக்கொள்கிறான். “அந்தக் காலத்தில் இளவயது மணமும் பலதார மணமும் வழக்கம்; நம் நீதியை அங்கே திணிக்கலாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெண் கேட்டபோது, வயது போதாது என்று தயங்கியவர்கள் அந்தக் காலத்து மனிதர்கள்தாம்: துறவியான பாட்டியும் அவருடைய உடன்பிறந்த மூத்த பிக்குவும். தூக்கிச் சென்ற இரவில் பதறியவள் அவளுடைய செவிலி. மணமான மறுநாள் காலை முராசாகி எழவே இல்லை. போர்வைக்குள் முகம் மறைத்துக் கிடக்கிறாள். இப்படி ஓர் எண்ணம் உள்ளவனையா இத்தனை நாள் நம்பினோம் என்று குமைகிறாள். அவள் ஊடுவதாக நினைத்துக் கென்ஜி கொஞ்சுகிறான். அவன் பார்ப்பது ஒன்று, அவளுக்கு நேர்ந்தது வேறொன்று என்று வாசகர் அறியும்படி எழுதியவர், அதே அரசவையில் வாழ்ந்த ஒரு பெண்.

இன்னும் வலுவான மறுப்பு 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் மோட்டோரி நொரினாகாவுடையது. பௌத்த, கன்பூசிய அறங்களைக் கொண்டு இந்த நாவலை எடைபோடக் கூடாது. நிலையாமையில் நெகிழும் மனத்தைக் காட்டுவதே இதன் நோக்கம். அப்படி நெகிழத் தெரிந்தவன் என்பதால் கென்ஜி நல்லவன் என்றார் அவர். அறநூலாகப் படிக்காதே என்றவரைக்கும் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. கென்ஜியின் நெகிழ்ச்சி பொய்யும் அல்ல. சிவந்த நீள மூக்குள்ள ஏழை இளவரசி சுயேத்சுமுஹானாவை இடையில் சில ஆண்டுகள் மறந்திருந்தாலும், மீண்டும் கண்டபின் அவன் கைவிடவில்லை. தன் மாளிகையில் இடம் தந்து காலமெல்லாம் காப்பாற்றினான். அந்த அரசவையில் இது அரிய குணம். ஆனால் நெகிழும் மனமே அளவு என்றால், அந்த அளவிலும் அவன் முழுதாகத் தேறவில்லையே! நிலாவுக்கும் உதிரும் மலருக்கும் கண் கலங்குகிறவனுக்கு, பக்கத்தில் இருப்பவளின் நெஞ்சம் எட்டவில்லை.

இதற்குச் சான்று கதையின் பின்பாதியில் இருக்கிறது. அதை எழுதத்தான் ஆசிரியர் முன்பாதியையே எழுதினாரோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. நாற்பது வயதை எட்டிய கென்ஜி, பதின்மூன்று பதினான்கு வயதான மூன்றாம் இளவரசியை மணக்கிறான். ஃபுஜித்சுபோவின் உறவுக்காரி என்ற ஆசையும் அதில் உண்டு. முராசாகி சினம் காட்டவில்லை, புதியவளை மதிப்போடு வரவேற்கிறாள். உள்ளுக்குள் நொறுங்கி நோயில் விழுகிறாள். இளவரசியோ கஷிவாகி என்ற இளைஞனின் பிள்ளையைப் பெறுகிறாள். தந்தைக்குத் தான் செய்ததே தனக்குத் திரும்பியதைக் கென்ஜி உணர்கிறான். அவன் உணராமல் போனது முராசாகியை. துறவு கொள்ள அனுமதி தா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பிரிவைத் தாங்க மாட்டேன் என்று அன்பின் பெயரால் மறுக்கிறான். அவள் உயிர் பிரிந்த பிறகுதான், முடி களையப் பிக்குவை அழைக்கச் சொல்கிறான்.

கென்ஜி மறைந்த பிறகும் நாவல் 13 அத்தியாயங்கள் நீள்கிறது. கடைசியில் வரும் உகிஃபுனே, இரு ஆண்களின் காதலுக்கு நடுவே சிக்கி ஆற்றில் மூழ்கத் துணிந்தவள்; காப்பாற்றப்பட்டதும் துறவு கேட்கிறாள், பெறுகிறாள். முராசாகிக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கிறது. அந்த இருவரில் ஒருவனான, கென்ஜியின் மகன் என்று உலகம் நம்பும் கவோரு ஆளனுப்புகிறான். அவள் பதில் தரவில்லை. வேறு எவனோ அவளை ஒளித்து வைத்திருக்கிறானோ என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது. ஒரு பெண் தானே முடிவெடுத்திருப்பாள் என்று நினைக்கத் தெரியாத அந்த ஆணோடு முராசாகி ஷிகிபுவின் கதை நிற்கிறது.