லாங் ரைடுக்கு எந்த சைக்கிள்? வால்வு ஓட்டையில இருந்து ஆரம்பிப்போம்

(எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கோம்.)

சைக்கிள் பத்திப் பேசுறப்ப எல்லாம் எனக்கு வர்ற கேள்வி ஒண்ணுதான். "மயிலாப்பூர்ல இருந்து பாண்டிச்சேரி, சிதம்பரம், அப்படியே வேதாரண்யம்னு மூணு நாலு நாள் ஓட்டணும். பட்ஜெட் 40,000. ரோடு பைக்கா, ஹைபிரிடா?"

என் பதில் ஹைபிரிட். ரோடு பைக் வச்சிருக்கிற நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க, பரவாயில்ல.

முதல்ல வேகம். ப்ரெவேன்னு ஒரு நெடுந்தூர ரைடு இருக்கு. இந்தியாவுல இதை ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் நடத்துறாங்க. அதுல 200 கிலோமீட்டருக்குத் தர்ற நேரம் 13 மணி 30 நிமிஷம். டீக்கும் டிபனுக்கும் நிக்கிறதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வகுத்துப் பாருங்க, சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரல. நம்ம டூருக்கு அந்தக் கெடுவும் கிடையாது. அப்போ ரேஸ் பைக் எதுக்கு?

அடுத்து எடை. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், ப்ரொஃபைல் பண்ணாம ஆப்டிமைஸ் பண்ணக்கூடாது. ஈசிஆர் மாதிரி சமதளத்துல 25 கிலோமீட்டர் வேகத்துல போனா, உங்க சக்தியில கிட்டத்தட்ட முக்கால்வாசி காத்தைத் தள்ளவே போயிடும். சைக்கிள்ல 3 கிலோ கூடினா சமதளத்துல கேக்குறது ஏறக்குறைய ஒரு வாட்தான். அந்த 3 கிலோவைக் குறைக்கத்தான் பல ஆயிரம் ரூபாய் கூடக் குடுக்கிறோம். தை மாசம் வடகிழக்குக் காத்து பாண்டிக்குத் தள்ளிக்கிட்டே போகும், திரும்பி வரும்போது முகத்துல அறையும். அந்தக் காத்துக்கு உங்க பைக்கோட விலை தெரியாது.

இப்போ யாரும் கடையில கேக்காத விஷயத்துக்கு வர்றேன்: ரிம்முல இருக்கிற வால்வு ஓட்டை.

ரோடு பைக் டியூபுக்கு ப்ரெஸ்டா வால்வு, மெல்லிசா இருக்கும். அதுக்கான ஓட்டை சுமார் 6.5 மில்லிமீட்டர். மோட்டார் பைக்ல இருக்கிற தடிமன் வால்வு ஷ்ரேடர். அதுக்கு 8.5 வேணும். நம்ம ஊர் பழைய சைக்கிள்ல வர்ற டன்லப் வால்வுக்கும் அதே 8.5தான். மரக்காணத்துல டியூப் கிழிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க. பஞ்சர் கடை அண்ணன்கிட்ட ப்ரெஸ்டா டியூப் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. டன்லப் வால்வு வச்ச 28 இஞ்ச் டியூப் இருக்கும். 1949-ல அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த காலத்துல இருந்து ஹெர்குலிஸ் மாதிரி வண்டிகளுக்குப் பழகின ஊர் இது.

அந்த 28 இஞ்சும் நம்ம 700சி-யும் ஒரே சைஸ் இல்ல. டயர் ஓரத்துல பாருங்க, பழைய வண்டியில 635னு முடியும், நம்மளுதுல 622. டயர் மாறாது. ஆனா டியூப் ரப்பர்தானே? 35 அல்லது 38 மில்லிமீட்டர் அகலமான 700சி டயருக்குள்ள அந்த டியூப் அவசரத்துக்கு உக்காந்துக்கும், ரிம்முல பெரிய ஓட்டை இருந்தா. விலை குறைஞ்ச ஹைபிரிட் பலதுல ஷ்ரேடர் ஓட்டைதான். 25 டயர், ப்ரெஸ்டா ரிம்னு வாங்கினா அந்த வழியே அடைஞ்சுடும். கடையில டெஸ்ட் ரைடுக்கு முன்னாடி வால்வைப் பாருங்க. ப்ரெஸ்டா பைக் ஏற்கெனவே வீட்ல இருந்தா விக்க வேணாம். ரெண்டு ஸ்பேர் டியூபும், பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்க ஒரு பித்தளை அடாப்டரும் போதும்.

கியர். கடற்கரையோரம் எதுவும் ஓடும். ஆனா ஒரு நாள் கொல்லிமலை ஆசை வரும், 70 கொண்டை ஊசி வளைவு. முன்னாடி 34 பல், பின்னாடி பெருசு 25னு இருந்தா, நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சாலே மணிக்கு 10 கிலோமீட்டர் போயாகணும். ஆள், வண்டி, பை சேர்த்து 90 கிலோன்னா, 8 சதவீத ஏத்தத்துல அதுக்கு சுமார் 215 வாட் வேணும். பின்னாடி 34 பல் போட்டா அதே மிதிக்கு 160 வாட்ல ஏறிடலாம். ஐ.டி. கம்பெனி நாற்காலியில வளர்ந்த காலுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

பை விஷயம் சுருக்கமா. டென்ட் வேணாம், போற வழியில எல்லா ஊர்லயும் லாட்ஜ் இருக்கு. சீட்டுக்குப் பின்னாடி ஒரு 10 லிட்டர் பை, ஃபிரேமுக்குள்ள ஒரு சின்னப் பை. ரெண்டு செட் துணி, ராத்திரி துவைச்சுக்கலாம். மொத்தம் 4, 5 கிலோவுக்குள்ள அடங்கும். தண்ணியில மட்டும் எடை பாக்காதீங்க. நம்ம வெயில்ல ரெண்டு பாட்டில் கட்டாயம். கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அடையாறுல இருந்து மாமல்லபுரம் போயிட்டு வாங்க. கை மரத்துப் போகுதா, சீட் உறுத்துதான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

டூல்ஸ்ல ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன்: டீரெய்லர் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோட சேர்க்கிற சின்ன அலுமினியத் துண்டு. வண்டி சாஞ்சா அது வளையும், உடையும். மாடலுக்கு மாடல் வடிவம் வேற. சிதம்பரத்துல தேடினா கிடைக்காது, சைக்கிள் வாங்குற அன்னைக்கே இன்னொண்ணு வாங்கிடுங்க.

அப்புறம் லைட். நாலு மணிக்குக் கிளம்பினா உத்தண்டி தாண்டும்போதும் இருட்டுத்தான், பின்னாடி பஸ்ஸும் காரும் பறந்துட்டு வரும். பலர் சிவப்பு லைட்டை சீட் போஸ்ட்ல மாட்டுவாங்க. பெரிய பை கட்டினா அது மறைஞ்சிடும், ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. பின் சக்கரத்துக்குப் போற ஃபிரேம் கம்பியில ஒண்ணு, பையோட முதுகுல ஒண்ணுன்னு மாட்டிட்டு, நண்பரை 50 அடி பின்னாடி நிக்க வச்சு ரெண்டும் தெரியுதான்னு கேளுங்க.