அசெம்பிள்டா, பிராண்டடா? கொட்டேஷனைச் சமப்படுத்திட்டு முடிவு பண்ணுங்க!

"டெஸ்க்டாப்பை அசெம்பிள் பண்ணினா பத்தாயிரம் மிச்சமாகுமுங்களா?" ஆகலாம். ஆனா அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்த்துடணும்.

கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். பிராண்டட் டெஸ்க்டாப் 62,000 ரூபாய். அதே அளவு பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி போட்டு காந்திபுரத்துல ஒரு கடையில 52,000 சொல்றாங்க. அது பில் இல்லாத விலைன்னா, 18% ஜிஎஸ்டி 9,360 சேர்த்து 61,360 ஆகிடும். இன்னும் ஒரிஜினல் விண்டோஸ் வாங்கலை. பிராண்டட்ல பெரும்பாலும் அது விலைக்குள்ளேயே வந்துடும். ஆக, நீங்க மிச்சம்னு நினைச்சதுல பெரும்பகுதி கட்டாம விட்ட வரியும் வாங்காத லைசென்ஸும்தான்.

பில் இல்லாட்டி என்ன ஆகும்?

அசெம்பிள் பண்ணின செட்டுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரண்டி. பாக்ஸோட வர்ற பிராசஸருக்குப் பொதுவா 3 வருஷம். ஒரு வருஷம் கழிச்சு மதர்போர்டு போனா, பில் இல்லாம கிளெய்ம் பண்றது பெரிய பாடு. பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்க. கடையோட ஜிஎஸ்டி நம்பர் 15 இலக்கம். தமிழ்நாட்டுக் கடைன்னா 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல ரெண்டு நிமிஷத்துல சரிபார்த்துக்கலாம்.

உங்க ஊரையும் கணக்குல சேருங்க

சரவணம்பட்டியில இருந்தா கடைக்குப் போறது பெரிய விஷயமில்லை. வீடு தாராபுரத்துலயோ கோபியிலயோ இருந்தா, ஒவ்வொரு ரிப்பேருக்கும் கேபினெட்டைத் தூக்கிட்டு பஸ் ஏறணும், ஒரு நாள் லீவும் போடணும். பிராண்டட்ல வீட்டுக்கே வந்து சரிபண்ற வாரண்டி உங்க பின்கோடுக்கு உண்டா, எத்தனை வருஷம்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ இலவசமா?

கிரெடிட் கார்டு இஎம்ஐயில, வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியா கொடுக்குறாங்க. ஆனா பேங்க் போடுற வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். வட்டி 2,700 ரூபாய்னா ஜிஎஸ்டி 486. பல கார்டுகள்ல பிராசஸிங் ஃபீஸும் தனி. முழுப் பணம் கொடுத்தா விலை குறையுமான்னு கேட்டுட்டு ஒப்பிடுங்க.

வரியில கழிக்கலாமா?

சம்பளம் மட்டும்தான் வருமானம்னா முடியாது. புது வரிமுறையில கிடைக்கிற 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்ஷனுக்கு மேல கம்ப்யூட்டருக்குன்னு தனியா எதுவும் கிடையாது. கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது. "வரி மிச்சமாகும்"னு பட்ஜெட்டை ஏத்தாதீங்க.

அப்போ எதை வாங்கலாம்?

எக்செல், ஆன்லைன் கோர்ஸ், ஆபீஸ் வேலைக்குன்னா பிராண்டட் போதும். கேமிங், வீடியோ எடிட்டிங்னா பில்லோட அசெம்பிள் பண்ணுங்க. நல்ல எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்டை நீங்களே பார்த்து எடுக்கலாம். பின்னாடி ஒரு பார்ட்டை மட்டும் மாத்தியும் ஓட்டலாம். சில பிராண்டட் மாடல்கள்ல மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனி அளவுலயே இருக்கும், வெளியில வாங்கி மாட்ட முடியாது.

எதுவானாலும், ரெண்டு கொட்டேஷனையும் ஒரே நாள்ல, ஜிஎஸ்டியும் விண்டோஸும் சேர்த்து எழுத்துல வாங்குங்க. ரேம் விலை வாரத்துக்கு வாரம் மாறும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டுத்தான் வாங்கணும்னா, ரெண்டு மாசம் பொறுங்க. கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப் போயிடாதுங்க!