விரலில் என்ன குற்றம்?

முகப்பில் இருந்த பெண் மூன்றாவது முறையும் தலையை ஆட்டினார். "ஆண்ட்டி, ஜாரி தக் போலே பாச்சா." விரலைப் படிக்க முடியவில்லையாம். அம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்தார், வாயால் ஊதினார், மறுபடி அந்தச் சின்னக் கண்ணாடியில் வைத்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டிய விரல் அது. உளியின் பிடி ஒரு பக்கம் தேய்க்க, பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் இன்னொரு பக்கம் அரிக்க, ரேகை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "என் கைதாண்டா சரியில்ல."

எனக்கு அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. முப்பது வருடம் குடும்பத்துக்குச் சோறு போட்ட கைக்கு என்ன குறை? அந்தக் கருவியைச் செய்தவர் இப்படி ஒரு கை வந்து நிற்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அப்படி நினைத்துப் பார்ப்பதே ஒரு தொழிலாக இருக்கிறது; அதற்குப் பட்டப் படிப்பும் இருக்கிறது. பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர், சுருக்கமாக யூஎக்ஸ். வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் இருந்தபடி இயங்கலையிலும் இதைப் படிக்கலாம்.

பெயருக்கு மூத்த தொழில்

யூஎக்ஸ் என்றதும் திரையை அழகாக வரைவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொத்தானுக்கு என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரிது என்பதெல்லாம் இடைமுக வடிவமைப்பு. யூஎக்ஸ் ஒரு வீடு என்றால் அது ஓர் அறை. அந்தப் பொத்தான் அங்கே வேண்டுமா, அதுவரை வந்தவர் எந்த இடத்தில் தடுமாறினார், அழுத்தியும் காரியம் நடக்காவிட்டால் அவருக்கு வேறு வழி வைத்திருக்கிறோமா என்று கேட்பது யூஎக்ஸ். டோனால்ட் நார்மன் என்ற உளவியல் அறிஞர் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தம் பதவிப் பெயரில் 'பயனர் அனுபவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்துதான் பெயர் பரவியது.

தொழில் அதற்கு ஐம்பது வயது மூத்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நேர்ந்தது. விமானம் பத்திரமாகத் தரை இறங்கிவிடும். பிறகு ஓடுபாதையில் இறக்கையின் மடிப்பை உள்ளே இழுக்க வேண்டிய விமானி, சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிறு தேயப் படுத்துவிடும். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவந்தார்கள். 1943இல் அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் ஏறிப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒட்டி ஒட்டி, ஒரே மாதிரி இருந்தன. அவை வேறு மாதிரி அமைந்த விமானங்களில் இந்த விபத்தே இல்லை. சக்கர விசையின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தச் செய்தார். அதன் பிறகு, கண் பார்க்காவிட்டாலும் கை அடையாளம் கண்டுகொண்டது. இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

மரத்துக்கு எடுத்த அளவு

மலாக்காக்காரர்களுக்கு இதை விளக்க விமானம்கூட வேண்டாம். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எழுந்தது நம் மண்ணில்தான். 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் போட்ட தோட்டம் அது. அவரை ரப்பர் பக்கம் திருப்பியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் புதுக் காயம். முதல் காயத்தின் விளிம்பையே மெல்லிசாகச் சீவித் திறந்தால் மரமும் சாகாது, பாலும் நிற்காது என்று ரிட்லி காட்டினார்.

நம் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துத் தொங்கும் உளி அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறந்த பிள்ளை. முனையில் மடிந்த அலகு, தன் பக்கம் இழுத்துச் சீவுவதற்கு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேர்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் போகிறது. அப்படிப் போனால் அதிகக் குழாய்கள் அறுபடும். சரிவு குறைந்தால் பால் வெட்டிலிருந்து வழிந்து மங்குக் கிண்ணத்துக்கு வராமல் பட்டையில் ஓடிவிடும். பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவை அலகு தொட்டால் மரத்தில் புண் விழும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கை நிற்க வேண்டும். விடியுமுன் குழாயில் அழுத்தம் மிகுந்திருக்கும், ஆகவே வேலையும் இருட்டில்.

ஒவ்வோர் அளவும் கவனித்துக் கண்டது. ஆனால் யாரைக் கவனித்தார்கள்? ஒரு நாளைக்கு 400, 500 மரம். வெட்டு அடிமரத்துக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். மரத்துக்கு அளவெடுத்தவர்கள் அம்மாவின் முதுகுக்கு அளவெடுக்கவில்லை. விட்டுப்போன அந்த அளவை எடுப்பதுதான் யூஎக்ஸ் படிக்கிறவரின் வேலை.

காகிதத்தில் ஒரு கிளினிக்

அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள்? எங்கள் தாமானில் இயங்கலையில் படிக்கும் ஒரு பெண், கிளினிக்குக்குத் தேதி பதியும் செயலி ஒன்றைப் பாடத்துக்காகச் செய்துகொண்டிருந்தாள். கணினியை அவள் தொடவே இல்லை. வெள்ளைத்தாளை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு திரையைப் பென்சிலால் வரைந்து, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொண்டுபோனாள். "பாட்டி, இதுதான் போன்னு வெச்சுக்குங்க. அடுத்த வாரம் சர்க்கரைக்கு டாக்டரப் பாக்கணும். என்ன செய்வீங்க?" பாட்டி விரலால் காகிதத்தைத் தொடுவார், இவள் அந்தத் தாளை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைப்பாள். மனிதரே கணினியாக நடிக்கும் இந்த முறைக்குக் காகித மாதிரி என்று பெயர். நடத்துகிறவர் வாயைத் திறந்து வழி சொல்லித்தரக் கூடாது. பாட்டி திணறும்போது சும்மா இருப்பதுதான் முதல் பாடம். பேரப்பிள்ளைகளுக்கு அது மிகவும் கடினம்.

கடைசித் தாளில் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒரு பொத்தான். பாட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாருக்குச் சமர்ப்பணம்? சாமிக்கா?" என்றார். நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அந்த இடத்தில் 'அனுப்பு' இருந்தது. ஒன்பது எழுத்து நான்காகியது. பொத்தானுக்குள்ளும் அடங்கியது, பாட்டிக்கும் புரிந்தது.

இப்படி எத்தனை பேரிடம் சோதிப்பது? இதற்கு யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் ஒரு கணக்குச் சொன்னார். பல சோதனைகளின் சராசரிப்படி, ஒருவரே குறைகளில் 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுக்கிறார். இரண்டாமவர் காட்டுவதில் பாதிக்குமேல் புதியது, மற்றது முன்பே பார்த்தது. இப்படிக் குறைந்துகொண்டே போய், ஐந்து பேர் முடியும்போது சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஐம்பது பேரை ஒரே தடவை உட்கார வைப்பதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் காட்டுவது லாபம். ஆனால் ஐந்து பேரும் ஒரே வகையாக இருந்தால் கணக்கு ஏமாற்றிவிடும். பாட்டிக்கு ஒன்று, பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வரும் அண்ணனுக்கு இன்னொன்று தடையாக இருக்கும்.

கண்ணுக்கும் கைக்கும் கணக்குகள் உண்டு. தூரத்தில் உள்ள சின்ன இலக்கைத் தொட அதிக நேரமாகும் என்பதை 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் சூத்திரமாகவே எழுதினார். அதனால்தான் விரலால் தொடும் பொத்தானுக்கு ஆப்பிள் 44 புள்ளி, ஆண்ட்ராய்டு 48 அலகு என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. கையில் அது சுமார் 7 முதல் 9 மில்லிமீட்டர். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக இணையத் தரம். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும், வெயிலில் நின்று கைப்பேசி பார்ப்பவருக்கு அது வெற்றுத் தாள்.

தமிழுக்கு இடம் செய்தவர்

மலேசியத் தமிழர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்லர். முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு, கணினியில் தமிழுக்கு வழி செய்தது. 2005இல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தது. எண் விசைகள் மட்டும் இருந்த காலத்துப் போனில் 247 எழுத்தை எப்படி அடக்குவது என்பதை யூஎக்ஸ் கேள்வி என்று அன்று யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அது முழுக்க அதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். 'மலாக்கா' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கைப்பேசிக்கு ஏழு: ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம். யூனிகோட் தமிழுக்கு 70தான். அழிக்கும் விசையை ஒரு முறை தட்டினால் 'கா' முழுவதும் போக வேண்டுமா, துணைக்கால் மட்டும் போக வேண்டுமா? இதை முடிவு செய்பவர் தமிழில் தட்டச்சுச் செய்து பழகியவராக இருந்தால்தான் நம் கை வாழும்.

பட்டத்தின் கணக்கு

நேரில் படிக்க நினைத்தால் மலாக்காவிலேயே வழி இருக்கிறது. டுரியான் துங்கலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடெம், ஆயர் கெரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம். வேலையை விட முடியாதவர்களுக்கும் குழந்தைகளை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் இயங்கலை. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பினாங்கின் வாவாசான் போன்றவை இப்படிப் படிப்பவர்களுக்கென்றே எழுந்தவை. லண்டன் பல்கலைக்கழகம் 2019இல் கோர்செரா தளத்தின் வழியே தொடங்கிய கணினி அறிவியல் இளங்கலையில் பயனர் அனுபவம் ஒரு சிறப்புப் பிரிவு. யூஎக்ஸ் என்ற பெயரோடே பட்டம் கிடைக்காத இடங்களில், அது தகவல் தொழில்நுட்பம், பல்லூடகம், மென்பொருள் பொறியியல் ஆகிய பட்டங்களுக்குள் பாடங்களாக இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்: நினைவும் கவனமும் பற்றிய உளவியல், ஆய்வு முறை, கொஞ்சம் புள்ளியியல், மனிதர்-கணினி ஊடாட்டம், மாதிரி செய்தல், உடற்குறை உள்ளோருக்கான அணுகுதன்மை, அடிப்படை நிரலாக்கம். முதல் மூன்றும் இல்லாமல் வரைகலை மட்டும் இருந்தால் அது வேறு படிப்பு.

மலேசிய இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கடன் அலகு. ஓர் அலகுக்கு 40 மணி நேரக் கற்றல். மொத்தம் 4,800 மணி. வேலை பார்த்துக்கொண்டு ஐந்து வருடத்தில் முடிக்க நினைத்தால் வாரத்துக்குச் சுமார் 18 மணி நேரம். ஷிப்டு முடிந்து வந்து தினமும் இரண்டரை மணி நேரம், ஞாயிறும் சேர்த்து. சேரும் முன் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. எஸ்பிஎம்மோடு படிப்பு நின்றுபோனவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. 21 வயது கடந்து, தொடர்புடைய வேலை அனுபவம் இருந்தால், ஏபெல் என்ற அனுபவ மதிப்பீட்டில் தேறி இளங்கலைக்குள் நுழையலாம். எந்தப் படிப்பானாலும் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இயங்கலையில் ஒரு குறை உண்டு. "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று பக்கத்தில் நின்று குடைந்து கேட்கும் ஆசிரியரும் தோழர்களும் கிடைப்பது அரிது. ஃபிக்மா போன்ற மென்பொருளில் ஆசிரியரின் சுட்டி உங்கள் வரைபடத்தின் மேல் நகர்வதைப் பார்க்கலாம். பாதிக் குறை அதில் தீரும். மீதிக்கு வெட்கப்படாமல் பிறரிடம் காட்டித் திட்டு வாங்கும் பழக்கம் வேண்டும். வேலைக்கு எடுப்பவர்களும் சான்றிதழோடு நிறுத்தாமல், என்ன கவனித்தாய், எதை மாற்றினாய், மாற்றியதும் என்ன ஆனது என்ற கதைகளைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கதைகள் நம் பிள்ளைகளுக்கு வாசலிலேயே கிடக்கின்றன. தமிழ்ப் பள்ளியில் படித்து, மலாயில் தேர்வெழுதி, ஆங்கிலத்தில் பட்டம் படிப்பவருக்கு மூன்று மொழியிலும் சோதனை நடத்த ஆள் உண்டு. தோட்டத்து மூலையில் லைன் விட்டு விட்டு வருவதை அனுபவித்தவர், பாதி நிரப்பிய பாரத்தைச் சேமித்து வைக்காத செயலியைச் செய்ய மாட்டார்.

காகிதத்தில் கிளினிக் வரைந்த அந்தப் பெண்ணிடம் ஒரு நாள் அம்மாவின் விரல் கதையைச் சொன்னேன். கருவி எப்படி என்று அவள் கேட்கவில்லை. திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். 'விரல் பொருந்தவில்லை' என்றேன். நோட்டைத் திருப்பி எழுதிக் காட்டினாள்: 'இந்தக் கருவியால் உங்கள் ரேகையைப் படிக்க முடியவில்லை. அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திடுங்கள், போதும்.' வீட்டுக்குப் போய் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கட்டைவிரலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அப்ப மெஷினுக்குத்தான் தெரியல" என்றார்.