கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கு!



ஹிட்லர் என்றதும் யூதர்கள் பட்ட கொடுமைதான் நமக்கு ஞாபகம் வரும். அந்த யூதர்கள் தங்கள் ஏழைகளையும் வயசானவங்களையும் எப்படிக் காப்பாத்துறாங்க தெரியுமா?

தர்மத்துக்கு எபிரேய மொழியில் 'செடாக்கா' என்று பெயர். 'நீதி' என்ற சொல்லில் இருந்து வந்தது. அதாவது, கொடுப்பது இரக்கம் மட்டும் இல்லை, கடமை!

பழங்காலத்தில் ஊரில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன.

1. தம்ஹூய்: தினமும் வீடு வீடாகச் சாப்பாடு சேர்த்து, பசித்தவர்களுக்கு அன்றைக்கே கொடுப்பது.

2. கூப்பா: ஊர்ப் பொது உண்டியல். வெள்ளிக்கிழமைதோறும் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கு உரியதைக் கொடுப்பாங்க. வசூலுக்கு 2 பேர் போதும். ஆனால் பங்கிட 3 பேர் வேணும். ஏன்னா, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது தீர்ப்புச் சொல்வது மாதிரி. 14 வேளைச் சாப்பாடு கையில் இருப்பவர் இதில் வாங்கக் கூடாது.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை 8 படிகளாகப் பிரித்தார். மனசில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது இரண்டாம் படி. கடனோ வேலையோ கொடுத்து, ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதுதான் முதல் படி.

சரி, வேலை செய்ய முடியாத தாத்தா பாட்டிகள் என்ன செய்வாங்க?

1991-இல் சோவியத் யூனியன் உடைந்தது. விலைவாசி தாறுமாறாக ஏறியதால் சேமிப்பும் பென்ஷனும் மதிப்பில்லாமல் போச்சு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, பல யூத முதியோர் தனியாகிட்டாங்க. அவர்களில் ஹிட்லர் காலக் கொடுமையில் தப்பியவர்களும் உண்டு.

அவர்களுக்கு உதவ, 1914-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜேடிசி என்ற யூத நிவாரண அமைப்பு முன்வந்தது. 1993-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் முதல் 'ஹெசெட்' மையம் ஆரம்பமானது. ஹெசெட் என்றால் அன்பு, கருணை. பிறகு பல ஊர்களில் இம்மையங்கள் வந்தன. அங்கே கிடைப்பவை:

* உணவுப் பொருட்கள், சூடான சாப்பாடு
* மருந்து
* குளிர்காலத்துக்குப் போர்வை, எரிபொருள்
* நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, சமைத்துத் தரும் பணியாளர்
* தனிமை தீர, பலரோடு கூடிப் பேச ஓர் இடம்

2022-இல் உக்ரைனில் போர் மூண்ட பிறகும் அங்குள்ள முதியோருக்கு இந்த உதவி தொடர்ந்தது.

வயசானவங்களுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது. அவர்கள் கூசாமல், தலைகுனியாமல் வாங்கும்படி கொடுக்கணும். சிந்திப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி