மீண்டும் மின்னும் டிஸ்கோ சரக்கு

மவுசு போன சரக்கு மறுபடி முன்வரிசைக்கு வருவது வணிகப் பெருமக்களுக்குப் புதிதல்ல. 1979 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் சிகாகோவில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருவோர் 98 சென்ட்டில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். சேர்ந்த தட்டுகளை மைதானத்திலேயே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை! டிஸ்கோவின் மவுசும் சரிந்தது.

அதே தாளம்தான் 2020-ல் துவா லிபாவின் பாடல்களிலும், 2022-ல் பியான்சேயின் 'ரெனைசான்ஸ்' தொகுப்பிலும் திரும்பி வந்து இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. 2023 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 22 வரை தம் கச்சேரிக்கு வெள்ளி நிற உடையில் வாருங்கள் என்று பியான்சே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அரங்குகள் ஜிகினாவாய் மின்னின. விளம்பரச் செலவில்லாத விற்பனை! ஆனால் கெடு 31 நாள். 32-வது நாள் ரேக்கில் மிஞ்சும் பளபளப்புச் சட்டை யார் கணக்கில் சேரும்? கொள்முதலின்போதே, விற்காததைத் திருப்பி எடுப்பதாக மொத்த வியாபாரியிடம் பேசி வைத்தாரா என்பதைப் பொறுத்தது அது.