வேரைத் தேடும் வழி

நம் பாட்டனார் பெயரை நாம் அறிவோம். அவருடைய பாட்டனார் பெயர் என்னவென்று கேட்டால், நம்மில் பலர் விழிப்போம். ஆனால், அமெரிக்காவில் வாழும் எத்தனையோ குடும்பத்தார், இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்த தம் முன்னோரின் பெயரையும் ஊரையும் தேடிக் கண்டுபிடித்திருக்கின்றனர். அஃது எவ்வாறு இயன்றது?

1953 முதல் 1961 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஐசன்ஹோவரின் குடும்பத்தைப் பார்ப்போம். சார் பகுதியிலுள்ள கார்ல்ஸ்புருன் என்னும் சிற்றூரிலிருந்து 1741இல் கடல் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறிய குடும்பம் அது. அன்று அவர்கள் பெயர் 'ஐசன்ஹாவர்'. 'இரும்பை வெட்டுபவர்' என்பது அதன் பொருள். புதிய நாட்டில் ஆங்கிலம் அறிந்தவர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுத, பெயர் சிறிது சிறிதாக மாறியது. இப்படித்தான் 'முல்லர்' பலர் 'மில்லர்' ஆயினர். ஆதலின், எழுத்தை நம்பாமல் ஒலியைப் பின்பற்ற வேண்டும் என்பது தேடுவோர் கற்கும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம், ஊரைக் கண்டுபிடிப்பது. 'ஜெர்மனியிலிருந்து வந்தார்' என்ற குறிப்பு மட்டும் போதாது. 1871 வரை ஜெர்மனி ஒரே நாடாக இருந்ததில்லை. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. நாடு முழுமைக்குமான ஒரே பதிவேடும் இல்லை. கிழக்கே இருந்த பல ஊர்கள் 1945க்குப் பின் போலந்தைச் சேர்ந்தன. அவற்றின் ஏடுகள் சிலவற்றை அங்கேதான் தேட வேண்டும். எனவே வீட்டிலுள்ள பழைய விவிலியத்தின் முதற்பக்கம், கடிதக் கட்டு, கல்லறைக் கல் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, இன்றிலிருந்து பின்னோக்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை உள்ளன. அவற்றில் பயணியின் ஊரும் குறிக்கப்பட்டிருக்கும். பிரெமன் துறைமுகத்தின் பட்டியல்களோ பெரும்பாலும் அழிந்துபோயின. அதற்கும் முற்பட்ட காலத்தில், பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜெர்மானிய ஆடவர் 1727 முதல் ஆங்கில அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் இட்ட கையெழுத்துகளே இன்று சான்றாக நிற்கின்றன. ஆனால் பெண்டிரும் குழந்தைகளும் கையெழுத்திடவில்லை. அவர்களின் பெயர்களை வேறிடத்தில் தேட வேண்டியதுதான்.

ஊர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். 1876 முதல் ஜெர்மனி முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு அலுவலகம் பதிந்து வருகிறது. பிறப்பேடு 110 ஆண்டுகளும், திருமண ஏடு 80 ஆண்டுகளும், இறப்பேடு 30 ஆண்டுகளும் கழிந்த பிறகே பொதுமக்கள் பார்வைக்கு வரும் என்பது 2009 முதல் நடைமுறையிலுள்ள விதி. 1876க்கு முன்பு நடந்தவற்றைப் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகளில்தான் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பாதிரியார் எழுதிவைத்த ஏடுகள் சில ஊர்களில் பதினாறாம் நூற்றாண்டு வரை செல்கின்றன. ஆனால் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பல ஏடுகள் எரிந்து சாம்பலாயின.

கிடைத்த ஏட்டைப் படிப்பதும் எளிதன்று. பழைய ஜெர்மன் கையெழுத்து முறை 1941இல் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்டது. இன்று ஜெர்மானியரே அதைத் தனியாகக் கற்றுத்தான் படிக்கின்றனர். உடன்பிறந்தோர் பலருக்கும் 'யோஹான்' என்பதே முதற்பெயராக இருக்கும். வீட்டில் அழைத்த பெயர் பெரும்பாலும் அதை அடுத்து வரும். இதை அறியாதவர் அண்ணனையும் தம்பியையும் ஒருவராக்கிவிடுவர்.

நண்பர்களே, இந்த ஏடுகளுக்கு இருண்ட வரலாறும் ஒன்று உண்டு. 1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள், அரசு வேலையில் இருக்க வேண்டுமானால் பாட்டன் பாட்டியர் யாரென்று சான்று காட்டு என்றனர். மக்கள் தேவாலயங்களுக்கு ஓடி ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கினர். பாட்டன் பாட்டியர் நால்வரில் மூவரோ நால்வரோ யூதராயின், அவர் யூதரே என்று 1935ஆம் ஆண்டு நியூரம்பர்க் சட்டங்கள் வகுத்தன. குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் எழுதப்பட்ட வரிகள், பேரக் குழந்தைகளின் குடியுரிமையைப் பறித்தன. பின்னர் உயிரையும் பறிக்க வழிகாட்டின.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1944இல் மேற்கு ஐரோப்பாவை நாஜிகளிடமிருந்து மீட்கச் சென்ற நேச நாட்டுப் படைகளின் தலைவர் யார்? கார்ல்ஸ்புருன் குடும்பத்தின் வழிவந்த அதே ஐசன்ஹோவர்தான்! ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதைக் குருதிவழி சொல்லும். அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதைச் சொல்லாது.

கணக்கும் இதையே கூறுகிறது. ஐந்து தலைமுறை மேலே சென்றால் ஒவ்வொருவருக்கும் 32 முன்னோர் இடமுண்டு. பத்துத் தலைமுறை சென்றால் 1,024. அவர்களுள் ஒருவருடைய பெயரை மட்டும் சுமந்துகொண்டு, 'நான் இன்ன குலம்' என்று மார்தட்டுவது நகைப்புக்கிடமன்றோ?

தேடுவது தவறன்று, தேட வேண்டியதே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் அறிந்த பெயர்களையும் ஊர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக, எந்த ஏட்டிலும் ஏறாத பெண்களின் பெயர்களைக் கேளுங்கள். அந்தப் பெயர்கள் நமக்கு உறவைக் காட்டட்டும். உயர்வு தாழ்வைக் காட்ட வேண்டா.